பழத்தோட்டத்துக்கு உயிர் உரம்: பாட்டில் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை என்று பழமரம் வைத்திருப்பவர்கள் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுத் தோப்புகளை மனதில் வைத்து எழுதியவை. உயிர் உரம் நல்ல விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எருவே பார்க்காத மண்ணில் பாட்டில் பாட்டிலாக ஊற்றிவிட்டு, பலன் இல்லை என்று வருத்தப்படுபவர்கள் அதிகம். அந்தக் காசு வீணாகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உயிர் உரம் என்கிறார்களே, இது யூரியா மாதிரி ஒரு உரமா?

இல்லை. யூரியா மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. 200 கிராம் அசோஸ்பைரில்லம் பாக்கெட்டில் சொல்லிக்கொள்கிற அளவுக்குத் தழைச்சத்து எதுவும் கிடையாது. அதில் இருப்பது பழுப்பு நிலக்கரித் தூள், அந்தத் தூளில் உயிரோடு இருக்கும் பாக்டீரியா, கொஞ்சம் ஈரம். திரவம் என்றால் தூளுக்குப் பதில் ஊட்டக் கரைசல். சத்தைத் தயார் செய்கிற வேலையை அந்த உயிர்கள்தான் செய்ய வேண்டும், அதையும் உங்கள் மண்ணில் உயிர் பிழைத்த பிறகுதான் செய்யும். இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற பதில்கள் பாதி தானாகவே புரிந்துவிடும்.

எந்த பாக்டீரியா என்ன வேலை செய்கிறது?

அசோஸ்பைரில்லம் வேரை ஒட்டி வாழ்ந்து, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகிறது. இதைப் பெரிதாக வெளிக்கொண்டுவந்தவர் பிரேசிலில் வேலை செய்த ஜொஹானா டோபரைனர் என்ற விஞ்ஞானி, 1970களில். அதற்கு அப்புறம் நடந்த ஆராய்ச்சிகளில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த பாக்டீரியா வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியையும் சுரக்கிறது, அதனால் சல்லிவேரும் வேர்த்தூவிகளும் அதிகமாகின்றன, அதிக வேர் இருப்பதால் செடி தண்ணீரையும் எல்லாச் சத்தையும் கூடுதலாக எடுக்கிறது. பல இடங்களில் தெரிகிற பலனில் பெரும்பங்கு இந்த வேர் வளர்ச்சியால் வருவதுதான், தழைச்சத்தால் வருவது அதைவிடக் குறைவு.

அசடோபாக்டர் தனியாக மண்ணில் வாழ்ந்தே நைட்ரஜனைப் பிடிக்கும், வேரை அவ்வளவாக ஒட்டாது. 1901 முதலே தெரிந்த பாக்டீரியா இது. மண்ணில் கரிமப் பொருள் நிறைய இருந்தால்தான் வேலை செய்யும், அமில மண் இதற்கு ஆகாது.

பாஸ்போபாக்டீரியா என்று விற்பது பெரும்பாலும் பேசில்லஸ் மெகாதீரியம். மண்ணில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) அமிலம் சுரந்து கரைக்கிறது. நாம் போடும் டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியைப் போட்ட வருடத்தில் மரம் எடுப்பதே இல்லை. சுண்ணாம்பு மண்ணில் அது கால்சியத்தோடு பிணைந்துவிடும், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் போன்ற மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்துவிடும். கால்சியத்தோடு பிணைந்ததை இந்த பாக்டீரியா ஓரளவு எளிதாகக் கரைக்கும், இரும்பு அலுமினியத்திடமிருந்து பிரிப்பது அதற்குக் கடினம்.

பொட்டாஷ் பாக்டீரியா, சிங்க் பாக்டீரியா இரண்டும் இதே போலத்தான், மண்ணில் இருப்பதைக் கரைத்துக் கொடுக்கும், இல்லாததை உண்டாக்காது. தழைச்சத்தை மட்டும் காற்றிலிருந்து கொண்டுவர முடியும். மற்ற எல்லாமே உங்கள் மண் என்ற சேமிப்பிலிருந்து எடுப்பது, அதனால் வருடா வருடம் லாரி லாரியாகப் பழம் வெளியே போகும் தோப்பில் பொட்டாஷ் பாக்டீரியாவை மட்டும் நம்பி சாம்பல்சத்து (பொட்டாஷ்) போடுவதை நிறுத்தினால் சேமிப்பு கரைந்துகொண்டே வரும்.

வேம் என்று ஒன்று விற்கிறார்களே, அது பாக்டீரியா இல்லை, வேருக்குள் வாழ்ந்து மண்ணிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவரும் வேர் உட்பூசணம். நோயை அடக்கப் போடும் டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான்.

ரைசோபியம் மாமரத்துக்குப் போடலாமா?

மரத்துக்குப் போட்டு பயன் இல்லை. ரைசோபியம் பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சு போட்டுத்தான் முழு வேலை செய்யும், மா, கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா எதுவும் அதற்கு இடம் கொடுக்காது. பயறு குடும்பத்தைச் சேர்ந்த புளியமரத்துக்கே வேர் முடிச்சு வருவதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தோப்புக்குப் போடலாம். மர வரிசைகளுக்கு நடுவே காராமணி, உளுந்து, கொள்ளு, சணப்பை, தக்கைப்பூண்டு விதைக்கிறீர்கள் என்றால் அந்த விதையில் ரைசோபியம் நேர்த்தி செய்து விதையுங்கள், பூக்கும் நேரத்தில் மடக்கி மண்ணோடு சேர்த்துவிடுங்கள். பழத்தோட்டத்துக்குக் காற்றிலிருந்து தழைச்சத்து கொண்டுவர இதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கொய்யா வேரைத் தோண்டிப் பார்த்தேன், முடிச்சு முடிச்சாக இருக்கிறது. பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறதா?

தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள், அது வேர்முடிச்சு நூற்புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொய்யாவில் நல்ல பாக்டீரியா எதுவும் முடிச்சு போடாது. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். தட்டைப்பயறு வேரில் இருக்கும் முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் தனியாகக் கழன்று வந்துவிடும், கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, வேரைப் பிய்க்காமல் அதைத் தனியே எடுக்க முடியாது, உள்ளே சிவப்பும் இருக்காது. மரம் வெளிறி, இலை சிறுத்து, ஒரு பக்கம் காய ஆரம்பித்திருந்தால் இன்னும் சந்தேகம் வேண்டாம், வேரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். புதுக் கன்று வாங்கும்போதும் பையைப் பிரித்து வேரைப் பார்த்து வாங்குங்கள், இது பரவுவது பெரும்பாலும் நாற்றங்கால் கன்று வழியாகத்தான்.

அசோஸ்பைரில்லம் போட்டால் யூரியாவை நிறுத்திவிடலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்க்கிற மாமரம் ஒன்றுக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழு எருவோடு ஒரு கிலோ தழைச்சத்து, ஒரு கிலோ மணிச்சத்து, ஒன்றரை கிலோ சாம்பல்சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம் என்றால் 40 கிலோ தழைச்சத்து. அசோஸ்பைரில்லம் எக்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை தழைச்சத்து கொடுக்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். எல்லாமே சாதகமாக இருந்தால் கிடைக்கிற அளவு அது, அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 8 முதல் 16 கிலோதான். மீதி எங்கிருந்து வரும்?

அதனால் ரசாயன உரம் போடும் தோப்பில், உயிர் உரமும் நல்ல எருவும் சேர்த்துப் போட ஆரம்பித்த பிறகு, தழைச்சத்திலும் மணிச்சத்திலும் கால் பங்கு வரை குறைத்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் முழுக்க நிறுத்துவது மரத்தைப் பட்டினி போடுவது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழு எருவில் ஏறக்குறைய அரை சதவீதம் தழைச்சத்து இருக்கும். 50 கிலோ எருவில் 250 கிராம், அதாவது அந்த ஒரு கிலோவில் சரியாகக் கால் பங்கு. அது முழுக்க அதே வருடம் கிடைக்காது, இருந்தாலும் உயிர் உரத்தால் மிச்சமானது என்று நாம் சொல்லும் கால் பங்கில் எருவின் பங்கு எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். மரத்துக்கு எங்கிருந்து வந்தாலும் சரிதான், ஆனால் பாட்டில் மட்டும் போதும் என்று முடிவுக்கு வருவது தப்பு.

யூரியாவை அள்ளிப் போடுகிற இடத்தில் அசோஸ்பைரில்லம் நைட்ரஜன் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுப்பது அதற்கு நிறைய சக்தி செலவாகும் வேலை, சும்மா கிடைக்கும்போது அது ஏன் உழைக்கப் போகிறது.

ஒரு மரத்துக்கு எத்தனை கிராம்?

காய்க்கிற பெரிய மரத்துக்குத் தூள் என்றால் ஒவ்வொரு வகையிலும் 50 முதல் 100 கிராம், சின்னக் கன்றுக்கு 20 முதல் 25 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். திரவம் என்றால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவு, பொதுவாக ஏக்கருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்.

ஆனால் கிராம் கணக்கைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது, இதைப் புரிந்துகொண்டவர்கள் அளவைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடுவார்கள். நல்ல தரமான தூளில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது சட்டம். 100 கிராமில் 500 கோடி. பெரிய எண்தான். இப்போது உங்கள் மாமரத்தடி மண்ணைப் பாருங்கள். மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் ஆரத்தில், 15 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் எடுத்தாலும் அங்கே இரண்டு டன்னுக்கு மேல் மண் இருக்கிறது. ஒரு கிராம் மண்ணில் பத்து கோடி பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும், வளமான மண் என்றால் நூறு கோடி கூட இருக்கும். குறைந்த கணக்கை வைத்தாலே, நீங்கள் போட்ட ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் அங்கே கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் பழைய குடிகள் இருக்கின்றன. போட்டி போட்டுச் சாப்பிட்டு, இடம் பிடித்து, வேர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். 100 கிராமை 200 கிராம் ஆக்கினால் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்பது இருபத்தைந்தாயிரத்துக்கு ஒன்று ஆகும், அவ்வளவுதான்.

அளவைக் கூட்டுவதைவிட, அதைச் சாப்பாட்டோடு சேர்த்து, வேர் இருக்கும் இடத்திலேயே, ஈரம் இருக்கும் நேரத்தில் வைப்பதில்தான் பலன் இருக்கிறது.

எருவில் கலந்து வைக்கச் சொல்கிறார்களே, எப்படிச் செய்வது?

நன்றாக மக்கிய எரு 100 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக மக்கியது என்றால் கையை உள்ளே விட்டால் சூடு தெரியக்கூடாது, சாணி வாடை போய் மழை பெய்த மண் வாடை வர வேண்டும், உருண்டை உருண்டையாக இல்லாமல் விரலில் உதிர வேண்டும். புது எருக் குவியலின் உள்சூடு 55, 60 டிகிரி வரை போகும், அதில் அசோஸ்பைரில்லத்தைக் கொட்டினால் அன்றைக்கே முடிந்தது.

எருவை மர நிழலிலோ கொட்டகையிலோ பரப்பி, ஒவ்வொரு உயிர் உரத்திலும் ஒன்று இரண்டு கிலோ தூவி, ஒரு கிலோ வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் புரட்டுங்கள். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்து இறுக்கினால் பிடி உடையாமல் நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை புரட்டி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மரத்துக்குப் போடலாம்.

இதில் நம் பாக்டீரியா பல மடங்காகப் பெருகிவிடும் என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எருவில் ஏற்கெனவே இருக்கும் உயிர்களும் அதே வெல்லத்தைத்தான் சாப்பிடும், எது எவ்வளவு பெருகியது என்று ஆய்வகத்தில் எண்ணிப் பார்க்காமல் தெரியாது. ஆனாலும் இதைச் செய்யச் சொல்வேன், ஏனென்றால் பாக்டீரியா வெறும் மண்ணில் தனியாக விழாமல் எருத் துகளில் ஒட்டிக்கொண்டு, சாப்பாடும் ஈரமும் கையோடு கொண்டு மண்ணுக்குள் போகிறது.

மரத்தடியில் தண்டை ஒட்டிப் போட்டால் போதும்தானே?

போதாது. தண்டை ஒட்டி இருப்பவை தடித்த பழைய வேர்கள், அவை மரத்தைத் தாங்கும், சல்லிவேர் எடுத்த தண்ணீரையும் சத்தையும் கடத்தும், தாங்களே சத்தை உறிஞ்சுவது குறைவு. சத்து எடுக்கிற சல்லிவேர்கள் மாவில் தண்டிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி ஆரம்பித்து, நண்பகலில் நிழல் விழும் வட்டத்தின் ஓரம் வரைக்கும் பரவி இருக்கும், பெரும்பாலானவை மேல் மண்ணிலேயே. மண்வெட்டியால் மெதுவாக ஒரு சாண் கிளறிப் பாருங்கள், நூல் மாதிரி வெளிர் பழுப்பு வேர்கள் எங்கே அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் மரத்துக்கான இடம், மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறும். அங்கே பத்துப் பதினைந்து செ.மீ. ஆழத்தில் எருவைப் போட்டு, மண்ணால் மூடி, தண்ணீர் விட்டு, மேலே சருகு மூடாக்கு போடுங்கள். சொட்டுநீர் போட்ட தோப்பில் வேர்கள் சொட்டு விழும் இடத்தில்தான் குவிந்திருக்கும், அங்கேயே போடுங்கள்.

ஆழமாகக் குழி வெட்டி வேரை அறுத்துவிட்டு உயிர் உரம் போடுவதில் அர்த்தம் இல்லை. தோப்பு முழுக்க ரோட்டவேட்டர் ஓட்டுபவர்களும் யோசியுங்கள், வருடா வருடம் மேல்வேரை அறுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

எந்த மாதத்தில்?

மண் ஈரமாக இருந்து, வெயில் கொளுத்தாத மாதத்தில். மாவுக்கு அறுவடை முடிந்து கவாத்தும் ஆன பிறகு, ஆவணி புரட்டாசியில். கொய்யாவுக்கு உரத்தை மார்ச்சிலும் அக்டோபரிலும் இரண்டாகப் பிரித்துப் போடுகிறோம், அதை ஒட்டியே இதையும் போடலாம், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் அக்டோபர். சித்திரை வைகாசியில் மூடாக்கு இல்லாத மண்ணின் மேற்பரப்பு மத்தியானத்தில் 50 டிகிரியைத் தாண்டும், அந்தக் காலத்தில் எதையும் போட வேண்டாம். எப்போது போட்டாலும் சாயங்காலம் போடுங்கள்.

எரு கிடைக்கவில்லை, விலையும் அதிகம். திரவத்தைச் சொட்டுநீரில் மட்டும் விட்டால் பலன் இருக்காதா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, கேட்பவர்களின் கஷ்டமும் புரிகிறது. மாடு குறைந்துவிட்டது, ஒரு டிராக்டர் எருவுக்கு ஆள் கூலியோடு கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும். அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, முக்கால் சதவீதத்துக்கு மேலே இருந்தால் நல்லது. நம் மானாவாரி மாந்தோப்புகளில் பல அரை சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. அந்த மண்ணில் திரவத்தை மட்டும் விடுவது, சமைக்க ஒன்றும் இல்லாத வீட்டுக்குச் சமையல்காரரைக் கூட்டிவருவது போல. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கரிமம், அது இல்லாவிட்டால் சில வாரங்களில் எண்ணிக்கை விழுந்துவிடும்.

எரு இல்லை என்றால் கரிமத்தைத் தோப்பிலேயே உண்டாக்குங்கள். கவாத்து செய்த சின்னக் கிளைகளையும் சருகையும் கொளுத்துவதை முதலில் நிறுத்துங்கள், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் போனால் சருகைக் கூட்டிக் கொளுத்துகிற தோப்புகளைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. மழை ஆரம்பித்ததும் பலதானியம் விதையுங்கள், களையை வேரோடு பிடுங்காமல் வெட்டி மரத்தடியில் போடுங்கள். இப்படி இரண்டு வருடம் செய்த பிறகு பாட்டில் வாங்கினால் அது வேலை செய்ய ஒரு இடம் இருக்கும். அதுவரை அந்தக் காசுக்குச் சணப்பை விதை வாங்கலாம்.

சொட்டுநீரில் விடும் முறை: முதலில் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஓடட்டும், அப்புறம் வெஞ்சுரியில் (திரவத்தை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் கருவி) திரவத்தைக் கொடுங்கள், முடிந்ததும் கால் மணி நேரம் மறுபடி வெறும் தண்ணீர். குழாய்க்குள் தங்கினால் பாசம் மாதிரிப் படிந்து சொட்டுவாயை அடைக்கும். தூள் வகையைச் சொட்டுநீரில் விடவே விடாதீர்கள். குழாயை அமிலத்தாலோ குளோரினாலோ கழுவியிருந்தால் நன்றாக அலசிய பிறகுதான்.

ரசாயன உரத்தோடு சேர்த்துப் போடலாமா? மருந்து அடிக்கிறேனே?

ஒரே வாளியில் கலக்காதீர்கள். உரம் போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து உயிர் உரம், அல்லது இதைப் போட்டு அதே இடைவெளி விட்டு அது. போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற செம்பு மருந்தை வேர்ப்பகுதியில் ஊற்றியிருந்தால் இன்னும் அதிகம் காத்திருங்கள், செம்பு பாக்டீரியாவுக்கு நேரடி விஷம். அதே ஸ்பிரேயர் டேங்கைக் கழுவாமல் உயிர் உரம் கலப்பதும் இதே தப்புதான். மாவில் பூப்பிடிக்க பேக்லோபுட்ரசால் மண்ணில் ஊற்றுபவர்கள் அதே வட்டத்தில் அதே நாளில் இதைப் போட வேண்டாம். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

புதிதாகத் தோப்பு போடுகிறேன். எப்போது ஆரம்பிப்பது?

நடும் அன்றைக்கே. உண்மையில் காசுக்கு ஏற்ற பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான். பெரிய மரத்தின் வேர் டன் கணக்கான மண்ணில் பரவிக் கிடக்கிறது, கன்றின் வேரோ ஒரு பைக்குள் இருக்கிறது, போடுகிற பாக்டீரியா எல்லாம் வேருக்குப் பக்கத்திலேயே விழுகிறது. குழிக்கு 10 கிலோ மக்கிய எருவில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஒவ்வொன்றும் 20, 25 கிராம் கலந்து, வேர்க்கட்டி உட்காரும் இடத்தைச் சுற்றிப் போட்டு நடுங்கள். பப்பாளிக்கும் இதே மாதிரி, நடும்போது 20 கிராம், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை.

நீங்களே ஒட்டுக்கன்று உற்பத்தி செய்பவராக இருந்தால் வேம் பூசணத்தைப் பையில் மண் நிரப்பும்போதே சேர்த்துவிடுங்கள். எலுமிச்சை வகைகளுக்கு வேர்த்தூவி குறைவு, அதனால் இந்தப் பூசணத்தை ரொம்பவே நம்பி இருக்கும். டிஏபியை அதிகம் போட்ட மண்ணில் வேம் வேரில் சரியாக ஏறாது என்பதையும் கவனியுங்கள்.

மண் பரிசோதனை அவசியமா?

அவசியம். வருடக்கணக்கில் டிஏபி போட்ட தோப்பில் மணிச்சத்து ஏற்கெனவே எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல், அதாவது அதிகம் என்ற பிரிவில் இருக்கலாம். அப்படியானால் செய்ய வேண்டியது டிஏபியைக் குறைப்பதுதான், பாஸ்போபாக்டீரியா அதற்கு அப்புறம்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

2006இல் உயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தூளில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். லேபிளில் பாக்டீரியாவின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண் எல்லாம் இருக்க வேண்டும். ஒரே பாட்டிலில் பத்துப் பன்னிரண்டு பாக்டீரியா என்று பெரிய எழுத்தில் போட்டு, எது எத்தனை என்று சொல்லாத சரக்கை நான் தொடுவதில்லை.

லேபிளோடு, வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். ஷட்டருக்குப் பக்கத்தில் வெயில் விழும் அடுக்கிலும், பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த பாட்டில் தேதிப்படி நல்லதாக இருந்தாலும் உள்ளே செத்திருக்கலாம். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் அழுகல் வாடை வந்தாலோ திருப்பிக் கொடுங்கள். தூள் பொதுவாக ஆறு மாதம் தாங்கும், திரவம் ஒரு வருடம். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அரசு உற்பத்தி மையங்களின் சரக்கு வரும், முதலில் அங்கே கேளுங்கள், தேதியை அங்கேயும் பாருங்கள்.

ஜீவாமிர்தம் தொடர்ந்து ஊற்றுகிறேன். இதுவும் தேவையா?

ஜீவாமிர்தத்தில் சாணத்திலும் மண்ணிலும் இருக்கும் கலவையான உயிர்கள் வெல்லத்திலும் பயறு மாவிலும் பெருகுகின்றன. எந்த உயிர் எவ்வளவு என்று தெரியாது, தொகுதிக்குத் தொகுதி மாறும். உயிர் உரத்தில் குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா, குறிப்பிட்ட வேலைக்காக. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. ஜீவாமிர்தமும் மூடாக்கும் தொடர்ந்து கொடுத்து மண் நன்றாக இருக்கும் தோப்பில் பாக்கெட் பாக்டீரியாவால் கூடுதலாகத் தெரியும் பலன் குறைவாகவே இருக்கும், வாங்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா இரண்டையும் இதோடு கலக்கலாமா?

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா முக்கியமாக நோய்க் கட்டுப்பாட்டுக்கு. நோய்ப் பூசணங்களை அடக்கும் பொருள்களைச் சுரக்கும், மண்ணில் உள்ள இரும்பை முதலில் பிடித்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடும். அதே சுரப்பு டிரைக்கோடெர்மாவையும் பாதிக்கலாம் என்பதால் இரண்டையும் ஒரே எருக் குவியலில் போடாமல் 15 நாள் இடைவெளி விடுங்கள். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் பொட்டாஷ் பாக்டீரியாவும் தாராளமாகச் சேர்ந்து போகும்.

இலையில் தெளிக்கலாமா?

மண்ணுக்கான பாக்டீரியாவை இலையில் தெளித்தால் வெயிலில் போய்விடும். இலையிலேயே வாழும் மெத்தைலோபாக்டீரியம் என்று ஒன்று இருக்கிறது, நம் பக்கம் பிபிஎஃப்எம் என்பார்கள். வறட்சியில் பயிர் வாடாமல் தாக்குப்பிடிக்க ஒரு சதவீதக் கரைசலாக, சாயங்காலம் தெளிக்கலாம். துருக்கியில் 2000களில் ஆப்ரிகாட், செர்ரி மரங்களின் பூவிலும் இலையிலும் பேசில்லஸ், சூடோமோனாஸ் வகைகளைத் தெளித்து விளைச்சல் கூடியதை ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். அவை வேறு பாக்டீரியா இனங்கள், அந்தக் குளிர்ப் பிரதேசத்து மரங்கள். அதை அப்படியே நம் மாவுக்கு விளம்பரமாகக் காட்டினால் நம்பாதீர்கள்.

ஒரு தடவை போட்டால் மண்ணிலேயே இருந்துவிடாதா?

கரிமமும் ஈரமும் இருக்கும் மண்ணில் கொஞ்சம் தங்கும், பெரும்பாலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். வருடத்துக்கு ஒரு தடவை எருவோடு போடுங்கள்.

பலன் வந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துத் தோப்போடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்தோடும் ஒப்பிடாதீர்கள். மாவில் அல்போன்சா, பங்கனப்பள்ளி போன்ற ரகங்கள் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். ஓய்வு வருடத்துக்கு அடுத்து உயிர் உரம் போட்டவர் அது பிரமாதம் என்பார், காய்த்த வருடத்துக்கு அடுத்து போட்டவர் ஏமாற்று என்பார். இரண்டு பேருக்கும் மரம் தன் வழக்கப்படிதான் நடந்திருக்கிறது.

தோப்புக்குள்ளேயே ஒரே ரகம், ஒரே வயது, ஒரே தண்ணீர் உள்ள இரண்டு வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு எரு, ஒரே உரம். ஒரு வரிசைக்கு மட்டும் எருவில் பாக்டீரியா. எருவையும் பாக்டீரியாவையும் சேர்த்து ஒரு வரிசைக்குப் போட்டுவிட்டு மற்றதைச் சும்மா விட்டால், நீங்கள் சோதித்தது எருவைத்தான். மரத்துக்குப் பெயின்டால் அடையாளம் போடுங்கள், அறுவடையில் ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை பெட்டி என்று நோட்டில் எழுதுங்கள், குறைந்தது நான்கு அறுவடைகள் சேர்த்துக் கூட்டுங்கள். கொய்யா என்றால் இரண்டு வருடமே போதும்.

அதுவரை காத்திருக்க முடியாது என்றால், போட்ட மூன்று மாதத்தில் மழை நின்ற ஒரு காலையில் இரண்டு வரிசையிலும் நிழல் ஓரத்தில் ஒரே அளவு, ஒரு முழம் நீளம், ஒரு சாண் ஆழம் தோண்டி சல்லிவேரைக் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வரிசைக்கு நான்கைந்து மரமாவது பார்க்க வேண்டும், ஒரே மரத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வேரில் வித்தியாசமே இல்லை என்றால் அடுத்த வருடம் அந்தப் பணத்தை எருவுக்குத் திருப்பிவிடுங்கள், வித்தியாசம் தெரிந்தால் மீதி வரிசைகளுக்கும் போடுங்கள்.